சம்பளம் நின்ற நாட்களில் நாணயச் சங்கம்

பாவு ஏற்றிய தறி காத்திருக்க, ஊடைக்கு நூல் வராத வாரத்தில் நெசவாளி வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விளைச்சலை நிறுத்துக் கொடுத்த பின்னும் பணம் கைக்கு வராமல் காத்திருக்கும் விவசாயியின் நிலையும் அத்தகையதே. தவறாமல் சம்பளம் பெறும் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும் இந்நிலை வரக்கூடும் என்பதை அமெரிக்க நாட்டு அனுபவம் காட்டுகிறது.

அந்நாட்டில் இலாகாக்களின் செலவுக்குக் காங்கிரஸ் சபை ஆண்டுதோறும் பணம் ஒதுக்கித் தரவேண்டும். நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. ஒதுக்கீடு காலத்தில் நிறைவேறாவிடில் இலாகாக்கள் கதவடைக்க நேரிடுகிறது. ஒதுக்காத பணத்தைச் செலவிடலாகாது என்ற சட்டம் பழமையானது. ஆயினும், 1980, 1981-ஆம் ஆண்டுகளில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கண்டிப்பான பொருள் கூறிய பின்னரே இவ்வடைப்புக்கள் வழக்கமாயின.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் இவ்வாறு அடைப்பு நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஊதியமின்றியே வேலைக்குச் சென்றனர். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோரும், கடலோரக் காவற்படையினரும் இவர்களில் அடங்குவர். 2025-ஆம் ஆண்டில் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நேர்ந்த அடைப்போ 43 நாட்கள் நீடித்தது.

அங்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் பட்டுவாடா ஆகும். 2019 ஜனவரி 11-ஆம் தேதி வந்த சம்பளச் சீட்டில் பலர் பூஜ்யத்தையே கண்டனர். வீட்டு வாடகையும், வாகனக் கடன் தவணையும், குழந்தைப் பராமரிப்புச் செலவும் ஒரு நாளும் காத்திருப்பதில்லை. கடன்காரர்களிடம் தவணை கேட்டு எழுதுவதற்கு மாதிரிக் கடிதங்களைச் சர்க்காரே வெளியிட்டது. வீட்டுக்காரருக்கு வர்ணம் பூசுதல், தச்சு வேலை முதலியன செய்து கொடுத்து வாடகையில் ஒரு பகுதியைக் கழிக்கலாம் என்ற யோசனையும் அவற்றுள் ஒன்றில் இருந்தது! வாஷிங்டன் நகரில் ஜோஸே ஆந்த்ரேஸ் என்ற சமையற்கலைஞரின் தர்ம ஸ்தாபனம் அன்னசாலை திறந்து, ஊழியர்களுக்கு இலவசமாக உணவளித்தது.

இத்தகைய வேளையில்தான் லேவாதேவிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அங்கே சம்பளத்தை எதிர்நோக்கி வாங்கும் கைமாற்றுக் கடனில், 100 டாலருக்கு இரு வாரத்தில் 15 டாலர் கட்டணம் கேட்பது சாதாரணம். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 400 சதவீதம்!

இவ்வலையில் விழாமல் பலரைக் காத்தவை அந்நாட்டு ஐக்கிய நாணயச் சங்கங்களே. கடற்படை இலாகாவின் ஊழியர் எழுவர் 1933-இல் தொடங்கிய 'நேவி பெடரல்' சங்கத்தில் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் உள்ளனர். 2019 அடைப்பின்போது, அச்சங்கத்தின் மூலம் சம்பளம் பெற்றுவந்த ஊழியர்களுக்கு 6,000 டாலர் வரை வட்டியின்றிக் கடன் வழங்கப்பட்டது. வேறு பல சங்கங்களும் இவ்வாறே உதவின. அங்கத்தினரின் சம்பளத்தையும் நாணயத்தையும் சங்கம் முன்னரே அறிந்திருந்தமையால், கடன் கொடுப்பதில் தயக்கம் நேரவில்லை.

இச்சங்கங்களின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. ஜெர்மனியின் கிராம நாணயச் சங்கங்களை ஆராய்ந்து, பிரெடரிக் நிக்கல்சன் சென்னை ராஜதானிக்கு 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை அளித்தார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. 1907-இல் இந்தியாவுக்கு வந்த பாஸ்டன் நகர வியாபாரி எட்வர்ட் பைலீன், இங்குள்ள கிராமச் சங்கங்களைக் கண்டு வியந்தார். திரும்பிச் சென்று தம் நாட்டில் அவ்வியக்கத்தை வளர்த்தார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் 1909-இலும், நாடு முழுமைக்கும் 1934-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

ஆயினும், சங்கத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நின்ற சம்பளத்தை அடைப்பு முடிந்ததும் கொடுத்தாக வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. ஆனால், ஒப்பந்தக்காரர்களின் கீழ் அலுவலகம் பெருக்குவோருக்கும், சிற்றுண்டிச்சாலையில் பணிபுரிவோருக்கும் அச்சட்டம் பொருந்தாது. மற்றவர்களுக்குத் தாமதமாக வந்த கூலி, இவர்களுக்கு வராமலே போயிற்று. வரப்போகும் சம்பளத்தை நம்பித் தரும் கடனும் அவர்களுக்கு எட்டவில்லை. மிகவும் எளியவரே சங்கத்தின் நிழலுக்கு வெளியே நிற்கும் குறையை நம் ஊர்களிலும் காணலாம்.

துன்பம் வந்த நாளில் சங்கம் கொடுத்த பணம், நல்ல நாளில் அங்கத்தினர் சேர்த்த பணமே. கூலி வந்த வாரத்தில் சிறு தொகையேனும் சேமிப்பில் செலுத்துவோம். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் திருப்புவோம். இன்னும் சேராத அண்டை வீட்டாரை அங்கத்தினராக்குவோம். நூல் வராத வாரத்தில் நம்மைக் காக்க வேண்டிய கை, நாம் இன்றே வளர்க்க வேண்டிய கையாகும்.