இரண்டு அலைகளுக்கு இடையில் கிடந்த நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 6.59 அளவில் சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலின் அடித்தளம் பிளந்தது. (அன்று இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்துக்கு 6 மணித்தியாலம் முன்னே இருந்தது, 2006 இல்தான் அது ஐந்தரையாக மாறியது. பழைய பதிவுகளில் அரை மணித்தியாலம் இடிப்பதற்கு இதுவே காரணம்.) அந்தப் பிளவிலிருந்து நம் கிழக்குக் கரையை நோக்கி இரண்டு அலைகள் புறப்பட்டன. ஒன்று பூமியின் பாறையூடாக, செக்கனுக்கு 8 கிலோமீற்றர் அளவான வேகத்தில் வந்தது. நான்கு நிமிடம் ஆவதற்குள் அது இலங்கையை அடைந்து, கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் கருவியில் கோடாக விழுந்தது. மற்றது நீரினூடாக வந்தது. 9 மணிக்கு முன்னரே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வரிசையாக ஊர்களுக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர் போகவில்லை. முதல் அலை வந்ததற்கும் இரண்டாவது அலை வந்ததற்கும் இடையே ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலான நேரம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. இந்தக் கரைக்கு இயற்கை தந்திருக்கும் உண்மையான பாதுகாப்பு அந்த நேரம் ஒன்றுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அது ஏன் கிடைக்கிறது, அதை எப்படிச் செலவழிப்பது என்பதைப் புரிந்துகொள்ளச் சாதாரண தரப் பௌதிகவியலே போதும்.

அலை சக்தியைக் கொண்டுசெல்கிறது, நீரைக் கொண்டுசெல்வதில்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். கரைவலைக்காரர் இதை நாள்தோறும் பார்க்கிறார்கள்: அலை உடையும் இடத்துக்கு வெளியே கிடக்கும் வலை மிதப்பு, ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கி ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும், அலை மட்டும் கரைக்குப் போய்ச் சேரும். சுனாமியும் நடுக்கடலில் அப்படித்தான். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில், ஆகாய விமானத்தைப் போல ஓடுகிறது. அதே வேளை அங்கிருக்கும் நீர் நகரும் வேகமோ செக்கனுக்கு ஒரு சில சென்றிமீற்றர்தான். நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணித்தியாலத்தின் பின் இந்து சமுத்திரத்துக்கு மேலால் பறந்த ஜேசன்-1 செய்மதி, ஆழ்கடலில் அந்த அலையின் உயரத்தை ஏறத்தாழ 60 சென்றிமீற்றர் என்று அளந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும் 60 சென்றிமீற்றரை ஆழ்கடல் படகில் இருப்பவர் உணரவே முடியாது.

60 சென்றிமீற்றர் அலை எப்படி ஊரை அழித்தது என்ற கேள்வி நியாயமானது. மாரி காலத்தில் நம் கடல் 2 மீற்றர் உயரத்துக்கு எழுவது வழமைதானே? ஒரு சதுர மீற்றர் கடற்பரப்பில் உள்ள சக்தியை மட்டும் கணக்கிட்டால், அந்த மாரி அலையே சுனாமியை வெல்கிறது. சக்தி உயரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 2 மீற்றர் அலை 60 சென்றிமீற்றர் அலையைவிடப் பத்து மடங்குக்கு மேல் சக்தி கொண்டது. கணக்கைப் புரட்டிப்போடுவது அலைநீளம். 8 செக்கனுக்கு ஒருமுறை வரும் மாரி அலையின் நீளம் சுமார் 100 மீற்றர். 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சுனாமியின் நீளம் ஆழ்கடலில் 300 கிலோமீற்றர். கரையின் ஒவ்வொரு மீற்றருக்கும் ஓர் அலை சுமந்துவரும் மொத்தச் சக்தியைப் பெருக்கிப் பார்த்தால் சுனாமி 250 மடங்குக்கு மேல் போகிறது. தவிரவும், காற்று எழுப்பும் அலை கடலின் மேற்பகுதியைத்தான் அசைக்கும். 50 மீற்றருக்குக் கீழே அதன் ஆட்டம் அடங்கிவிடும். சுனாமி அடித்தளம் வரையுள்ள நீர் முழுவதையும் அசைக்கிறது. அதனால்தான் மாரி அலை கரையில் உடைந்து திரும்பிவிட, சுனாமி பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. மாரி அலையைக் குறைத்து மதிக்கவும் வேண்டாம்: ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைத் தின்றுகொண்டிருப்பது ஓயாமல் வரும் அந்தச் சிறிய அலைதான்.

இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? அடிப்படையில் அது வெப்பம். பூமியின் உள்வெப்பம் மேற்காவுகையாக வெளியேற முயல்கிறது. அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாக மேலுள்ள பாறைத் தகடுகள் நகர்கின்றன. இந்தியத் தகடு ஆண்டுக்கு ஒரு சில சென்றிமீற்றர் வீதம் சுமாத்திரா, அந்தமான் பக்கத்துத் தகட்டின் கீழே நுழைகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்ட இடத்தில் மேல் தகடு மூங்கில்போல வளைந்து, நூற்றாண்டுக் கணக்கில் சக்தியைச் சேமிக்கிறது. அன்று அந்த ஒட்டு 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமாக விட்டுப்போனது. அளவு 9.1. வெளிப்பட்ட சக்தியில் சிறு பங்கே கடலைத் தூக்கியது. ஆனால் தூக்கப்பட்டது பல்லாயிரம் சதுர கிலோமீற்றர் கடல். பிளவு வடக்குத் தெற்காக ஓடியதால் அலையின் பெரும் சக்தி அதற்குச் செங்குத்தாக, கிழக்கே தாய்லாந்துக்கும் மேற்கே இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்குமாகப் பாய்ந்தது. வடக்கே இருந்த வங்காளதேசம் ஏறத்தாழத் தப்பியது. நம் கரை அந்த நேர்கோட்டில் முகம் கொடுத்து நின்றது.

சுனாமியின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது: புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர். முன்பகுதி கரைக்கு அருகில் தளர, பின்பகுதி இன்னும் வேகமாக வந்து நெருக்குகிறது. 300 கிலோமீற்றர் நீளம் 15 கிலோமீற்றராகச் சுருங்க, அதே சக்தி குறுகிய இடத்துக்குள் அடைபட்டு உயரமாக மாறுகிறது. கணக்குப்படி 60 சென்றிமீற்றர் இரண்டரை மீற்றரைத் தாண்டும். நிலத்தில் ஏறும்போது இன்னும் கூடும். இலங்கைக் கரையில் ஆய்வாளர்கள் அளந்த உயரங்கள் 3 மீற்றரிலிருந்து 10 மீற்றருக்கு மேல் வரை இடத்துக்கிடம் வேறுபட்டன. இதே சூத்திரம்தான் நமக்கு நேரத்தையும் தருகிறது. பாறையில் செல்லும் அலை, ஆழ்கடல் சுனாமியைவிட நாற்பது மடங்கு வேகமானது. செய்தி ஆபத்தை முந்திக்கொண்டு வருவது இதனால்தான்.

கருவியும் நிலையமும் எதற்கு, கடல் உள்வாங்கினால் ஓடிவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரமாகத் தாய்லாந்தின் புக்கெட் கரையில் நின்ற ரில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமியின் கதை உலகம் முழுதும் சொல்லப்படுகிறது. இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து, நுரைத்துப் பின்வாங்கிய கடலைக் கண்டு எச்சரித்து, ஏறத்தாழ நூறு பேரைக் காப்பாற்றினாள். உண்மைக் கதைதான். ஆனால் அவள் நின்றது பிளவின் கிழக்குப் பக்கம். அங்கே கடலடி தாழ்ந்தது. ஆகவே அலையின் தாழி, அதாவது பள்ளம், முதலில் போய்ச் சேர்ந்தது, கடல் வற்றியது. மேற்குப் பக்கம் கடலடி உயர்ந்தது. நமக்கு முதலில் வந்தது முடி, அதாவது அலையின் மேடு. இலங்கையில் பொதுவாகக் கடல் வற்றாமலே ஏறியது. வற்றியது அதற்குப் பிறகுதான். அப்போது வெளிப்பட்ட கடலடியைப் பார்க்கவும் மீனைப் பொறுக்கவும் பலர் இறங்கினார்கள். அடுத்த முடி அவர்கள் மேல் விழுந்தது. பல இடங்களில் இரண்டாவது அலையே பெரியது. ஆகவே 'கடல் வற்றினால் ஓடு' என்பது சரிதான். 'வற்றாவிட்டால் பயமில்லை' என்பது நம் கரையில் கொல்லும் தவறு. பிள்ளைகளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

நிலம் ஆடினால் தெரியும் என்பதும் நமக்குப் பொருந்தாது. அன்று நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் கடந்தபோது இலங்கைத் தரை மேலும் கீழுமாக 9 சென்றிமீற்றர் வரை அசைந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. அவ்வளவு ஆடியும் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியவில்லை; அசைவு மிக மெதுவாக நடந்தது, மனித உடல் அவ்வளவு ஆறுதலான ஆட்டத்தை உணராது. கடல் வற்றவில்லை, நிலம் ஆடியது தெரியவில்லை. ஆக, இந்தக் கரைக்கு இயற்கையின் எச்சரிக்கை என்று நம்பத்தக்கது எதுவும் இல்லை. கருவிதான் சொல்ல வேண்டும். 2004 இலும் கருவி சொன்னது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்தில் நிலநடுக்கத்தை அறிவித்தது. ஆனால் அதன் பொறுப்பு பசிபிக் சமுத்திரம், இந்து சமுத்திரத்துக்குச் செய்தி அனுப்ப வழியும் இல்லை, இங்கே பெற்றுக்கொள்ள ஆளும் இல்லை. இன்று அந்தக் குறை பெருமளவு தீர்ந்திருக்கிறது. 2005 இன் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. இந்தியா 2007 இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையத்தைத் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் பிராந்தியம் முழுவதற்கும் தகவல் தருகின்றன.

இங்கே எழும் பெரிய ஆட்சேபனை 2012. அந்த ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரை முழுதும் சனம் ஓடியது, சொல்லத்தக்க அலை எதுவும் வரவில்லை. 'பொய்யாக ஓடவிட்டார்கள்' என்ற பேச்சு இன்றும் உண்டு. பொய் இல்லை. 8.6 என்பது பாறையில் வெளிப்பட்ட சக்தியின் அளவு. கடலுக்கு எவ்வளவு சக்தி போனது என்பதை அது சொல்லாது. 2012 இல் கடலடிப் பாறைகள் பக்கவாட்டாக ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. நீரைத் தூக்க யாருமில்லை. தூக்காத நீரில் அலை ஏது? அப்படியானால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். முதல் சில நிமிடங்களில் கருவிகளுக்குத் தெளிவாகக் கிடைப்பது இடமும் அளவும்தான். நிலம் எத்திசையில் நகர்ந்தது என்பதைக் கணிக்கவும், கடலில் உள்ள அளவுமானிகள் அலையை உறுதிசெய்யவும் மேலும் நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருந்து சொன்னால் நம்மிடம் உள்ள ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். எனவே எச்சரிக்கை முதலில் வரும், சில வேளை பிறகு நீக்கப்படும். நீக்கப்பட்ட எச்சரிக்கைதான் நாம் கொடுக்க வேண்டிய மலிவான விலை.

மதில் கட்டலாமே, கரையை விட்டுத் தள்ளிக் குடியேறலாமே என்பது அடுத்தது. யப்பானின் தாரோ நகரம் 10 மீற்றர் மதில் கட்டி உலகப் புகழ் பெற்றது. 2011 மார்ச் 11 இல் கடல் அதற்கு மேலால் ஏறிப் போனது. தூரத்தைப் பொறுத்தவரை, 2005 இல் அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டுமானத் தடை வலயம் அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. 15 கிலோமீற்றர் நீளமான அலைக்கு முன்னால் 200 மீற்றர் ஒரு கணக்கே இல்லை. நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய தட்டையான மணல் நிலத்தில் தோளோடு தோள் இடித்துக் கிடக்கின்றன. பின்னால் போக நிலமில்லாத மக்களிடம் தூரத்தைப் பேசுவது சுலபம், நிறைவேற்றுவது கடினம். இந்த நிலத்தில் தூரத்தைவிட உயரம் பெறுமதியானது. உறுதியான தூண்களில் நிற்கும் பாடசாலையின் இரண்டாம் மாடிக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், முழங்கால் அளவு நீரே ஆளை வீழ்த்தும். நீர் ஏறிய பிறகு ஓடித் தப்புவதென்பது பெரும்பாலும் நடவாத காரியம்.

இவ்வளவும் எதற்கு, நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது, அல்லாஹ்வின் நாட்டம் எதுவோ அதுவே நடக்கும் என்பார்கள். நாட்டத்தை மறுக்க இங்கே யாரும் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவனிடம் பொறுப்பு ஒப்படைத்தல்) வைக்கச் சொன்ன மார்க்கம் இது. அபூர்வம் என்பதும் ஆறுதல் தரும் அளவுக்கு இல்லை. 1883 ஆகஸ்ட் 27 இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் கடந்து இதே மாவட்டத்தின் பாணமைக் கரையில் ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த பதிவு உண்டு. இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே 121 ஆண்டுகள். ஓர் ஊர் மறப்பதற்குத் தேவையானதைவிட அதிகமான காலம் அது. 2004 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போதே வாக்காளர் பட்டியலில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

எச்சரிக்கை கொழும்புக்கு வந்துவிட்டால் போதாது, கடைசி வீதிக்கும் அது சில நிமிடங்களில் எட்ட வேண்டும். அதற்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. யார் சொன்னால், எந்த வார்த்தையில், எவர் அறிவிப்பது என்பதை நம்பிக்கையாளர் சபைகளும் பிரதேச செயலகங்களும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாடசாலைகளில் மாணவர் கயிற்றை ஆட்டி அலை படிக்கும் நாளில், சுமாத்திரா முதல் கல்முனை வரையான நேரத்தையும் ஒருமுறை கணித்துப் பார்க்கட்டும். வீட்டில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியவை சில: நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள உறுதியான மாடி எது, வயோதிபரை யார் கூட்டிப்போவது. கரைக்குச் சமாந்தரமாக ஓடும் பிரதான வீதியில் வாகனத்தை எடுத்துக்கொண்டு வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கடல் அதே தூரத்தில்தான் இருக்கும். மேற்கே போங்கள், அல்லது மேலே ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள்: அலைகள் இருபது நிமிடம், அரை மணித்தியாலம் இடைவிட்டுப் பல மணித்தியாலங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.