தெருவுக்குச் சாக்கடை வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு குறையுமா?

குறையும். அகமதாபாத்தில் அதற்கான அறிகுறி கிடைத்திருக்கிறது. எப்படி என்று தெரிந்துகொள்வது உங்கள் தெருவுக்கும் உதவும்.

1995-ல் அந்த நகரின் மாநகராட்சி, குடிசைப் பகுதிகளுக்காக ‘பரிவர்த்தன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டித் தருகிற திட்டம் அல்ல இது. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தன. தெருவுக்குத் தளம், விளக்கு, மழைநீர் வடிகால், குப்பை அள்ளும் ஏற்பாடு.

பணம் யாருடையது? குடியிருப்புக்குள் வரும் வசதிகளுக்கு, வீடு ஒன்றுக்குக் குடும்பம் 2,000 ரூபாய், மாநகராட்சி 2,000, ஒரு தொழில் நிறுவனம் 2,000 என்பது கணக்கு. முதலில் செய்து பார்த்த சஞ்சய்நகரில் அந்த நிறுவனம் அர்விந்த் மில்ஸ்.

அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் 2,000 ரூபாய்க்கு எங்கே போகும்? இங்கேதான் மக்கள் அமைப்புகள் கைகொடுத்தன. எலா பட் 1972-ல் தொடங்கிய ‘சேவா’ பெண் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வங்கி இருந்தது. பெண்கள் அதில் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள், கடனும் வாங்கினார்கள். சேவாவின் துணை அமைப்பான மகிளா வீட்டுவசதி அறக்கட்டளை பெண்களைத் திரட்டி, திட்டத்தை விளக்கி, மாநகராட்சியோடு பேசியது. குழாய் பதிக்க மாநகராட்சியால் முடியும். ஆனால் அந்தப் பெண்களின் நம்பிக்கையைப் பெற அவர்களோடு ஏற்கெனவே பழகிய ஒருவர் வேண்டும்.

“பணம் கட்டிய பிறகு நாளைக்கே காலி செய்யச் சொன்னால்?” இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். அதற்காகவே, பத்து ஆண்டுகளுக்கு வெளியேற்ற மாட்டோம் என்று மாநகராட்சி உறுதி கொடுத்தது. பட்டா இல்லை, வெறும் உறுதிதான். என் பார்வையில் திட்டத்தின் உயிர்நாடியே அதுதான். இருப்பிட உறுதி (திடீரென்று துரத்தப்பட மாட்டோம் என்ற பாதுகாப்பு) இருந்தால்தான் ஒரு குடும்பம் துணிந்து கழிப்பறைக்குக் காசு போடும். அதைக் கொடுக்காமல் ஏழைகளிடம் பங்குத்தொகை கேட்பது நியாயமே இல்லை.

உடல்நலத்துக்கு என்ன கிடைத்தது? சேவா உறுப்பினர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை (சிகிச்சைச் செலவைத் திரும்பக் கேட்டுக் கொடுக்கும் மனுக்களை) ஆராய்ந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. திட்டம் நிறைவேறிய பிறகு, கோரிக்கை வைத்தவர்களில் தண்ணீர் தொடர்பான நோய்க்காகக் கேட்பவராக இருக்கும் வாய்ப்பு 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியிருந்தது. வயிற்றுப்போக்கு ஒரு வீட்டுக்குள் வந்தால் மருந்துச் செலவோடு நிற்காது. அம்மாவின் கூலி போகும், பிள்ளையின் பள்ளி போகும். அந்த இழப்புகளும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

சரி, உங்கள் தெருவில் என்ன செய்யலாம்? புதிதாகச் சங்கம் தேட வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். சேமித்துப் பழகிய குழுவுக்குக் கணக்கு எழுதத் தெரியும், அதை வங்கியும் மதிக்கும். எந்த வீட்டில் குழாய் இல்லை, எங்கே சாக்கடை தேங்குகிறது, யாருக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளோடு வார்டு கவுன்சிலரையும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும். புறம்போக்கு நிலத்தில் குடியிருந்தால், பணம் திரட்டும் முன்பே இருப்பிட உறுதியை எழுத்தில் கேளுங்கள்.

வேலை முடிந்த பிறகு சாக்கடை அடைத்தால் யார் பார்ப்பது? அகமதாபாத்தில் ஒவ்வொரு குடும்பமும் பராமரிப்புக்கென்று தனியாக 100 ரூபாய் கட்டியது. குடியிருப்போர் சங்கம் அதை வைத்துக்கொண்டு உள்தெருக்களைக் கவனித்தது. நீங்களும் இந்தப் பணத்தை முதல் நாளிலேயே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். குழாய் வந்த பிறகு வசூலிப்பது கடினம்.