விலைக்கு வாங்கும் வருகை பயன் தருமா?

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட என்டிடிவியின் இணையதளத்தில் ஒரு செய்தியைப் படித்து முடித்ததும், அதன் அடியில் சிறு படங்களோடும் ஆவலைக் கிளறும் தலைப்புகளோடும் அணிவகுத்து நிற்கும் பரிந்துரைகளை வாசகர் பலர் கண்டிருப்பார்கள். 2007-இல் ஆடம் சிங்கோல்டா நிறுவிய டபூலா போன்ற நிறுவனங்களே அவ்விடத்தை விளம்பரதாரர்களுக்கு விற்கின்றன.

எப்படி? வாசகர் சொடுக்கினால்தான் பெரும்பாலும் கட்டணம்; விளம்பரதாரர் தர முன்வரும் தொகையும், வாசகர் சொடுக்கக்கூடிய சாத்தியமும் சேர்ந்து, எது தோன்றுவது என்பதைக் கணப்பொழுதில் நிர்ணயிக்கின்றன.

கரோல் பாக்கில் காப்பிப்பொடி விற்கும் ஒருவர், சொடுக்குக்கு 5 ரூபாய் வீதம் 1,000 பேரை வரவழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 5,000 ரூபாய். பத்துப் பேர் வாங்கி, ஆளுக்கு 100 ரூபாய் லாபம் கிடைத்தால், வரவு 1,000 ரூபாயே.

ஏன் இந்த நஷ்டம்? தேடுபொறியில் தேடி வருபவரைத் தேவை அழைத்து வருகிறது. பரிந்துரையைச் சொடுக்கி வருபவரையோ கணநேர ஆவல்தான் இழுத்து வருகிறது, அது தணிந்ததும் அவர் போய்விடுகிறார். ஆயினும், அந்தப் பத்துப் பேரும் மாதந்தோறும் திரும்பி வந்து வாங்குவார்களாயின், ஐந்தே மாதங்களில் முதல் மீண்டுவிடும். ஆதலால், வந்தவர்களின் தொகையை எண்ணி மகிழாமல், நிலைத்தவர்களின் தொகையைக் கணக்கிட்ட பின்னரே பணத்தைச் செலவிடுவது விவேகமாகும்.