பாட்டுப் பெட்டி என்ன விலை பெறும்?

தோட்டத்தை விட்டு வீடு மாறியபோது, அப்பாவின் கிராமபோனைப் பழைய சாமான்காரரிடம் பத்து வெள்ளிக்குக் கொடுத்து ஏமாந்தவன் நான். நீங்களும் ஏமாறாதீர்கள்.

முதலில் மெல்லச் சாவி கொடுங்கள். தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சீராகச் சுற்றினால் ஸ்பிரிங் நலம். ஊசி மாட்டும் ஒலிப்பெட்டி ஆதியில் வந்ததுதானா என்று பாருங்கள். பாகம் மாறியிருந்தால் விலை குறையும். பழமை தெரியட்டும், புது வார்னிஷ் பூசாதீர்கள்.

நாய்ப் படத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. பளபளக்கும் பித்தளைக் குழலோடு இந்தியாவில் செய்த போலிகள் ஏராளம். 1931இல் வந்த எச்.எம்.வி. 102 கைப்பெட்டிக்கோ குழல் உள்ளேயே மறைந்திருக்கும். வெளியே குழல் இல்லையே என்று அதை மட்டமாக எண்ணாதீர்கள்.

விற்பதானால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அதற்கு முன், பிள்ளைகளுக்கு ஒரு பாட்டாவது போட்டுக் காட்டுங்கள்.