40 மைக்ரான் பளபளப்பு

வாங்கி ஆறு மாதமே ஆன கறுப்புக் கார் ஒன்றை இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். பகலில் கண்ணாடியாக மின்னிய பானட்டில், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒரு கீறல் ஒளியைத் தனக்குக் குறுக்காகத்தான் சிதறடிக்கும். அதனால் விளக்கைச் சுற்றி வட்டமாக அமையும்படி கிடக்கிற கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன, மற்றவை மறைந்துகொள்கின்றன. ஓரடி நகர்ந்து நின்றால் வட்டமும் கூடவே நகரும். கண்ணில் படுவது மொத்தக் கீறல்களில் ஒரு பகுதிதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றைப் போட்டது சாலையல்ல, வெயிலும் அல்ல. காலையில் காரைத் துடைக்கிற துணி. புதுக் கார் வாங்கியவர்கள் எந்த வாக்ஸ் நல்லது, எந்தக் கோட்டிங் நல்லது என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். எப்படிக் கழுவுவது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. காரின் ஆயுளில் அந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு கார் பெயிண்ட் ஷாப்புக்குள் நுழையும்போது அது வெறும் இரும்புத் தகட்டுக் கூடு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட் போன்ற உப்புக் கரைசலில் நனைத்து, தகட்டின் மேல் பெயிண்ட் பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பை உண்டாக்குகிறார்கள். அடுத்து முழுக் கூட்டையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, சில நூறு வோல்ட் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நேர்மின்னேற்றம் கொண்ட பெயிண்ட் துகள்கள் எதிர்முனையான தகட்டை நோக்கி ஓடி, கை நுழையாத மூலைமுடுக்குகளிலும் படிகின்றன. துருவைத் தடுப்பதில் முக்கியப் பங்கு இந்த அடுக்குக்குத்தான், தடிமன் சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர் சுமார் 35 மைக்ரான். அதற்கும் மேல் நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம், அது வெறும் 15 மைக்ரான் அளவுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட், ஏறக்குறைய 40 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் பாதியை விடச் சற்றுக் கூடுதலான அந்தத் தோல்தான் பளபளப்பையும் தருகிறது, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களையும் தாங்கி நிற்கிறது. அது தேய்ந்தால் மறுபடி வளராது.

கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக். தெருப் புழுதியில் நிறைய இருப்பது குவார்ட்ஸ் என்கிற மணல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் இருக்கிறது. சாதாரண எஃகையே கீறக்கூடியது. உலர்ந்த புழுதியின் மேல் துணியை அழுத்தி இழுக்கும்போது, அந்த மணல் துகள்களைக் கிளியர் கோட்டின் மேல் நாமே உழவு ஓட்டுகிறோம். ஒரு மைக்ரான் ஆழமுள்ள கீறல் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அதைவிடக் குறைவு என்பதால், அங்கே விழும் ஒளி சீராகத் திரும்பாமல் சிதறிவிடுகிறது. கறுப்பில் அது பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைக் காரிலும் அதே கீறல்கள் இருக்கின்றன, பார்வைக்குத்தான் அகப்படுவதில்லை.

சென்னை, கோவை அடுக்ககங்களில் காலை ஐந்து மணிக்கு வந்து கார் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார்கள். இரண்டாவது காருக்கு வரும்போதே அந்தத் தண்ணீரில் முதல் காரின் மணல் கலந்திருக்கும். இதில் அவர்கள் பிழை ஏதுமில்லை. குழாயைத் திறக்க அனுமதியில்லை, வேறு துணி கொடுப்பாரில்லை, அலுவலகம் கிளம்பும் முன் எல்லாக் கார்களும் பளிச்சென்று நிற்க வேண்டும். நாம் கொடுக்கும் வசதிக்குள் அவர்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

சரியான முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை: முதலில் தண்ணீர், பிறகுதான் கை. நிழலில் நிறுத்தி, பானட் தொட்டால் சுடாத நிலைக்கு வந்த பிறகு, மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பாய்ச்சித் தளர்ந்த மணலை ஓட விட வேண்டும். பிறகு கார் ஷாம்பு. அதன் முதல் வேலை அழுக்கை நீக்குவது என்றால், அதே அளவு முக்கியமான இன்னொரு வேலை வழுக்கலைத் தருவது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயோடும் மறு முனை தண்ணீரோடும் ஒட்டும். அப்படித் துகளைச் சூழ்ந்துகொண்டு, அது பெயிண்டின் மேல் உரசாமல் மிதந்து வெளியேற வழி செய்கிறது. துணி துவைக்கும் சலவைத்தூளில் சோடியம் கார்பனேட் இருப்பதால் காரத்தன்மை அதிகம், மெழுகுப் படலத்தை அது சீக்கிரம் அரித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் திரவமும் எண்ணெய்ப் பசையை வழிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டும் வேண்டாம்.

வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்கி, சேறு அதிகமுள்ள கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி, ஏனென்றால் அங்கே பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். மைக்ரோபைபர் துணியை எல்லோரும் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பாலியஸ்டர், பாலியமைடு இழைகளை மிக நுண்ணியதாகப் பிரித்துச் செய்வதால், இழைகளுக்கு இடையிலான சந்துகள் தண்ணீரையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பழைய பனியன் துணியில் தூசி மேற்பரப்பிலேயே நின்று உரசும். ஆனால் அதே மைக்ரோபைபர் ஒரு தடவை தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும்வரை காரின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அடுத்த எதிரி போர் தண்ணீர். இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 600 வரை அனுமதி. நம் ஊர்களில் பல போர்க்கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. அந்தத் தண்ணீரின் துளி வெயிலில் உலரும்போது நீர் ஆவியாகிப் போய், கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளை வளையமாகப் படிந்துவிடும். புதிய கறை என்றால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே அலசினால் கரையும். பல வாரம் விட்டால் அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழுவி முடித்ததும் காற்றிலேயே காயட்டும் என்று விடாமல் ஒற்றி எடுப்பது இதற்காகத்தான்.

பறவை எச்சம் தனிக் கதை. அதிலுள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், கூடவே செரிமான நொதிகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் தகடு 70 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகுகிறது, வேதிவினை வேகமாகிறது, பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கண்ணிகள் உடைகின்றன. மாலையில் எச்சத்தைத் துடைத்தாலும் அதன் வடிவத்தில் ஒரு தழும்பு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் பெயிண்ட் நிறுவனங்கள் இப்படிப்பட்ட அமிலத் தழும்பைச் சோதிக்க, தங்கள் மாதிரிகளை ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் திறந்தவெளியில் வைக்கின்றன. அமிலமும் ஈரமும் சூடும் அங்கே ஒன்று சேர்கின்றன. நமக்கு வேப்பம்பழக் காலமும் நாவல்பழக் காலமும் சோதனைக் களங்கள். எச்சத்தைக் கண்டால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.

இனி வாக்ஸ். கார் மெழுகுகளில் பேர்போனது கார்னூபா. வடகிழக்கு பிரேசிலின் சியரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனை வகை, தன் இலையிலிருந்து ஈரம் ஓடிவிடாமல் காக்க இந்த மெழுகைப் பூசிக்கொள்கிறது. இலைகளை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும், இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமான ஒன்று. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுக்கம் தருவதும் இதுதான். தனியாகப் பூச முடியாத அளவுக்குக் கடினம் என்பதால் எண்ணெய்களும் கரைப்பான்களும் வேறு மெழுகுகளும் சேர்த்தே டப்பாவில் வருகிறது. அதனால் அந்தக் கலவை நம் கோடையில் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. செயற்கைப் பாலிமர் சீலன்ட் சில மாதங்கள் தாங்கும்.

மெழுகுப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அது கீறலைத் தடுக்காது, புற ஊதாக் கதிரையும் பெரிதாகத் தடுக்காது. அது செய்வது, பெயிண்டின் மேற்பரப்பு ஆற்றலைக் குறைப்பது. தண்ணீர் பரவாமல் முத்தாகத் திரண்டு உருளும், அழுக்கு இறுகப் பிடிக்காது, எச்சம் பெயிண்டைத் தொடும் முன் அந்த மெழுகைக் கடந்தாக வேண்டும், அடுத்த முறை கழுவும்போது குறைவாகத் தேய்த்தால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய லாபம். ஆனால் முத்து முத்தாக நிற்கும் போர் தண்ணீர் அப்படியே உலர்ந்தால் கறையும் முத்து முத்தாகவே விழும். மெழுகிட்ட காருக்கும் துவட்டல் தேவை.

புதுக் காருக்கு மூன்று மாதம் வாக்ஸ் போடக் கூடாது என்கிற அறிவுரை பரவலாக இருக்கிறது. தொழிற்சாலையில் கிளியர் கோட்டை ஏறக்குறைய 140 டிகிரியில் வேகவைத்து இறுக்கியே வெளியே அனுப்புகிறார்கள். ஆகவே முதல் நாளே போடலாம். அந்த அறிவுரை டிங்கரிங் பெயிண்டிங் செய்த கார்களுக்கானது. வயரும் ரப்பரும் பொருத்தப்பட்ட காரை 140 டிகிரியில் வைக்க முடியாது. 60 டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள், மிச்சமுள்ள கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட காருக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே டெஃப்லான் கோட்டிங் என்று கேட்பார்கள். தோசைக்கல்லில் டெஃப்லான் படலமாக இறுகி நிற்பதற்கு 327 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். காரின் பெயிண்ட் அதைத் தாங்காது. பாலிஷில் கலந்த டெஃப்லான் வெறும் பொடிதான். செராமிக் கோட்டிங் அப்படியல்ல. சிலிக்கா சார்ந்த அந்தப் படலம் பெயிண்டோடு வேதிப்பிணைப்புக் கொண்டு வருடக் கணக்கில் நிற்கக்கூடியது. ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் என்ற எண் பென்சில் கடினத்தைக் குறிப்பது. 9எச் பென்சிலால் கீறினாலும் தடம் விழவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. மணல் எந்தப் பென்சிலையும் விடக் கடினம்.

நான் திட்டவட்டமாக மறுக்கும் ஒன்று, புதுக் காருக்கு ரப்பிங் பாலிஷ். அது கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான்கள் போய்விடும். இருப்பதே நாற்பது.

பூஜை போடும்போது பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வழக்கத்தை விட வேண்டாம். குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்யப்படுவது, காரத்தன்மையும் சாயமும் உள்ளது. வெயிலில் காய்ந்தால் கறை பிடிக்கும். முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் பிரச்சினையே இல்லை. பானட்டில்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள், உலர்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் துடைக்க வருபவருக்குச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு ஒன்றும், கூடுதலாக ஒரு வாளியும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு காரின் உரிமையாளரும் தன் காருக்கென இரண்டு மைக்ரோபைபர் துணிகளைத் துவைத்துத் தரட்டும். தினமும் துடைப்பதற்குப் பதில் வாரம் இருமுறை, தண்ணீர் தெளித்த பிறகு துடைக்கச் சொல்லுங்கள். அதற்காக அவருடைய சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.