மருந்து தந்த வயசு

2000-ஆம் ஆண்டு வாக்கில், திருநெல்வேலி மாவட்டத்தின் மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால், ஐம்பது வயதில் அவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நாற்பதைத் தாண்டுவாள் என்பதே யார் கணக்கிலும் இல்லை. புருஷன் பம்பாயிலோ லாரியிலோ பிழைத்தவனாக இருப்பான். அவன் படுக்கையில் விழுந்த பிறகோ, போய்ச்சேர்ந்த பிறகோதான் இவளுக்குப் பரிசோதனை. காய்ச்சலும் பேதியுமாக இளைத்துக் கிடப்பவளுக்குத் தூரம் நின்றுபோனால் அது ஒரு சேதியா? உடம்பில் ரத்தமே இல்லை, பிறகு எங்கே வரும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். டாக்டரும் கேட்கமாட்டார்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. இடையில் பதினெட்டு வருடம். 2001-ல் சிப்லா நிறுவனம் ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவளுக்கு அதுவும் எட்டாத தொகைதான். இலவச மருந்து முதலில் வந்த இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இங்கிருந்து போவதென்றால் திருநெல்வேலி வந்து, ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கவேண்டும். கூட ஆள் வேண்டும், ஊரில் சொல்லிவிட்டுப் போக ஒரு பொய்யும் வேண்டும்.

பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. பஸ் மாறிப் போய், கூட்டு மருந்தை வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். தொடக்க வருடங்களின் மருந்து உயிரைக் காப்பாற்றியது, முகத்தைக் காட்டிக்கொடுத்தது. ஸ்டாவுடின் தின்றவர்களுக்குக் கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்து, பாதம் மரத்துப்போனது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவையும் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. நாளுக்கு ஒன்று.

2005-ல் முப்பது வயதில் மருந்து தொடங்கியவள் இன்று ஐம்பதைத் தொட்டுவிட்டாள். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, அதிலும் சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கி மீண்டவர்களுக்கு, இது சற்று முன்னதாகவே வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சாவுக்குத் தப்பி வந்தவளை வயது வந்து பிடித்துக்கொள்கிறது. நல்ல சேதிதான். ஆனால் அதை வரவேற்கத் தயாராக யாரும் இல்லை.

மையத்துக்குப் போகும்போதெல்லாம் தவறாமல் நான்கு கேள்வி உண்டு: இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சுதா, ராத்திரி வேர்க்கிறதா? காசநோயைப் பிடிக்க வைத்த கேள்விகள் இவை. எத்தனையோ உயிரைக் காத்தவை. நாற்பத்தெட்டு வயதுக்காரி, “வேர்க்கத்தான் செய்யுது, சேலையே நனைஞ்சு போவுது” என்றால், சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்புவார்கள். அனுப்பத்தான் வேண்டும். முடிவில் டி.பி. இல்லை என்று வரும். அதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. “அக்கா, தூரம் எப்போ நின்னுச்சு?” என்ற ஐந்தாவது கேள்வி வேண்டும். அது கேட்கப்படாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை, கிருமி திரும்பிவிட்டது என்ற பயத்தோடு அவள் பஸ் ஏறுவாள். தூக்கம் கெடுவதும், மனம் காரணமில்லாமல் அறுந்து விழுவதும், மூட்டு வலியும், மறதியும் அவளுக்கு அந்தப் பயத்தின் சாட்சிகளாகவே தெரியும். மையங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாவைத் தடுக்கக் கட்டப்பட்டவை அவை. வயதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது.

எலும்பு விஷயத்தில் இரட்டை அடி. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். டெனோஃபோவிரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தேய்க்கும். நாள் முழுக்கத் திண்ணையில் குனிந்து பீடித்தட்டை மடியில் வைத்திருப்பவளுக்கு நடையும் குறைவு, வெயிலும் குறைவு. இதயமும் அப்படித்தான். 2023-ல் வெளிவந்த ரிப்ரீவ் ஆய்வில், இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிட்டவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தன. பங்கேற்றவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. கிராமத்தில் நடக்கும் வினிகர் பரிசோதனை, மாதவிலக்கு நின்ற பிறகு அவ்வளவு நம்பத்தக்கதல்ல. பார்க்கவேண்டிய பகுதி உள்ளே போய்விடும். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியைத் தேடும் பரிசோதனைதான் சரி. ஒரு வருடம் நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால், எந்த வயதானாலும் அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அன்று நோய் அவளைத் தெருவிலிருந்து பிரித்தது. இன்று, உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிவதை அவள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உரக்கச் சொல்லலாம். “எனக்கும் அப்படித்தாம்மா” என்று நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். நோயாளியாக இல்லாமல் வெறும் பொம்பளையாக அவள் புலம்பக் கிடைத்த முதல் உபாதை இதுவாகவும் இருக்கலாம். கைவைத்தியம் சொல்வார்கள், கால்சியம் மாத்திரை வாங்கச் சொல்வார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

வாசலுக்கு வருபவரிடம் கூட்டு மருந்தைப் பற்றி அவள் சொல்வதில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, பொதுவாக அவள் சம்மதமில்லாமல் அதைச் சொல்லவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் மெட்ஃபார்மினைப் பொதுவாக நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்வார்கள். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும், வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டால், கூட்டு மருந்தை உடம்பில் சரியாக ஏறவிடாது. ஊர்க்காரர்கள் யாருக்கும் எதையும் சொல்லாமலே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது; மையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு நிமிடம் போதும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். வெறும் வயிறென்றால் முதலில் கூட்டு மருந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம். கால்சியத்தை முதலில் போட்டுவிட்டால், கூட்டு மருந்துக்கு ஆறு மணி நேரம் பொறுக்கவேண்டும்.