ஜீப் வாங்க முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கடந்த மாதம் ஒரு நாள் இரவு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் மூத்த மகன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பச்சை நிறத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர் டிபெண்டர். கீழே விலையும் போட்டிருந்தார்கள். "வாப்பா, இத எடுப்பமா? மலைப்பக்கம் போக வர உதவும். வேணாமெண்டா ரெண்டு வருஷத்தால கூட விலைக்கு விக்கலாம்" என்றான். விலையைப் பார்த்தேன். ஒரு பருவத்துக்கு மிளகு வாங்க நாங்கள் ஒதுக்கி வைக்கும் காசுக்கு அது ஏறக்குறையச் சமமாக இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன் மகன்" என்று மட்டும் சொன்னேன்.

இந்த யோசனை என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களுக்கெல்லாம் எதிர்பாராத விலை வந்தது. திறந்த பிறகும் வரிப் பாரம் குறையவில்லை. எனவே கையில் கொஞ்சம் காசுள்ள வியாபாரிகள் பழைய ஜீப்புகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். "இரும்பு மாதிரி வண்டி, விலை இறங்காது" என்று தரகர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் காசு கொடுத்துப் படித்தேன். அதையும், இந்த வண்டிகளின் கதையையும் வாசகர்களுக்குச் சொல்வது பயனாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாப்பாவின் வண்டி

எங்களுடையது மாத்தளையில் மிளகு, கராம்பு, ஏலம் வாங்கி விற்கும் சிறு வியாபாரம். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் மலைக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு அந்தக் காலத்தில் லொறி கொண்டு போவது இலகுவான காரியமல்ல. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். 1979இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிய நீளமான லேண்ட் ரோவர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாக வாப்பாவுக்குத் தகவல் கிடைத்தது. டீசல் வண்டி.

வாப்பா முதலில் வண்டியைப் பார்க்கப் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார். அங்கிருந்த சிங்கள பாஸிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இது உடைந்தால் நீங்கள் செய்வீர்களா? சாமான் எங்கே கிடைக்கும்? செய்து முடிய எத்தனை நாள்? பாஸ் சிரித்துவிட்டு, "முதலாளி, தோட்டத்து வண்டியெல்லாம் என் கையில்தான் ஓடுது" என்றார். அதன் பிறகே வாப்பா வண்டியைப் பார்க்கப் போனார்.

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மகன், வண்டிய வாங்குறது ஒரு நாள் வேல. வச்சிருக்கிறதுதான் தினம் தினம் உள்ள வேல."

அந்த வண்டி பதினாறு வருடங்கள் எங்களுக்கு மூடை சுமந்தது. நூறு தடவையாவது நின்றிருக்கும். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

செய்தவனுக்கு ஓடர் கிடைக்கவில்லை

இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின் ஜீப். 1940இல் ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க இராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் பாரமில்லாத ஒரு வண்டி வேண்டும் என்று 135 கம்பனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாளுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது பான்டம் என்ற சிறிய கம்பனி மட்டுமே. கார்ல் ப்ரொப்ஸ்ட் என்ற பொறியியலாளர் அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் பான்டத்துக்கு பெரிய ஓடர் கிடைக்கவில்லை. இராணுவம் கேட்ட எண்ணிக்கையை அந்தச் சிறிய தொழிற்சாலையால் கொடுக்க முடியாது என்று கருதி, வரைபடத்தை வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு கம்பனிகளுக்கும் காட்டினார்கள். யுத்தம் முடியும்வரை செய்யப்பட்ட ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளில் பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. நல்ல பொருளை முதலில் செய்தவன் ஒருவன். தொடர்ந்து கொடுக்கக்கூடியவனே வியாபாரத்தை எடுத்துக்கொண்டான். நம் கடைத் தெருவிலும் இதுதானே நடக்கிறது?

இரும்பு இல்லாத நாட்டில் பிறந்த வண்டி

யுத்தத்தில் மிஞ்சிய ஜீப் ஒன்றை இங்கிலாந்தின் ரோவர் கார் கம்பனியைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் பக்கத்தில் ஏங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் என்ன செய்வாய் என்று கம்பனியின் முகாமையாளரான அவரது சகோதரர் ஸ்பென்சர் கேட்டாராம். இன்னொரு ஜீப்பைத்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி இல்லையே என்றாராம் மொரிஸ். அந்த இடத்தில் ஒரு சந்தை இருப்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். அது 1947.

அப்போது பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவரும் கம்பனிகளுக்கே உருக்கு. எனவே உடம்பை அலுமினியக் கலவையால் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் காட்டப்பட்டது. சில வருடங்களுக்குச் சமாளிக்க என்று தொடங்கிய அந்த வண்டி, வெகு சீக்கிரத்தில் அதே கம்பனியின் கார்களை விடக் கூடுதலாக விற்றது. 1976இல் பத்து இலட்சமாவது வண்டி வெளியே வந்தது.

அதன் பெருமை வேகத்தில் இல்லை. நட்டையும் போல்டையும் கழற்றினால் கதவு, மட்காட், கூரை எல்லாம் தனித்தனியாகக் கையில் வரும். நசுங்கிய பகுதியை மட்டும் மாற்றிப் பூட்டலாம். அதனால்தான் தோட்டத்துப் பாஸ்மார் பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லாமல் மரநிழலில் வைத்தே அதைப் பழுது பார்த்தார்கள்.

சந்தை கைமாறிய விதம்

அப்படிப்பட்ட வண்டி தன் சந்தையை எப்படி இழந்தது? வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அவுஸ்திரேலியாவில் 1949இல் ஸ்னோவி மலைகளில் ஒரு மாபெரும் நீர்மின் திட்டம் தொடங்கியது. அங்கே மலையேறிய வண்டிகளில் லேண்ட் ரோவர்தான் முன்னணி. 1950களின் கடைசியில் அங்கு வேலை செய்த தீஸ் என்ற கட்டுமானக் கம்பனி, ஜப்பானிலிருந்து டொயோட்டா லேண்ட் குரூஸர் வண்டிகளைத் தன் வேலைக்கென்று இறக்கியது. பெரிய ஆறு சிலிண்டர் எஞ்ஜின். வேலைக்கு ஒத்துவந்தது. சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர்களே பிறகு அதன் விநியோகஸ்தர்களாக மாறினார்கள்.

டொயோட்டா இந்த வகை வண்டியைச் செய்யத் தொடங்கியதே 1951இல்தான். லேண்ட் குரூஸர் என்ற பெயர் 1954இல் வந்தது. லேண்ட் ரோவரை விட வயதில் இளையது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. ரோவர் கம்பனி 1967இல் லேலண்டுடன் சேர்ந்தது. அடுத்த வருடம் அது பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. 1975இல் அரசாங்கமே கைகொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. லேண்ட் ரோவர் உழைத்த இலாபம், நட்டத்தில் ஓடிய கார்ப் பிரிவுகளுக்குத் தீனியானது. வாங்க ஆள் இருந்தும் போதிய வண்டி கொடுக்கவில்லை, புதுப்பிக்கவும் காசு ஒதுக்கவில்லை. காத்திருந்த வாடிக்கையாளன் ஜப்பான் வண்டியைப் பார்த்தான். வண்டி வந்த இடத்துக்குச் சாமானும் பின்னாலேயே வந்ததால் அங்கேயே நின்றுவிட்டான்.

அதன் பிறகு லேண்ட் ரோவர் பல கைகள் மாறியது. 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994இல் பீ.எம்.டபிள்யூ, 2000இல் ஃபோர்ட், 2008இல் இந்தியாவின் டாட்டா. பழைய வடிவ டிபெண்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29இல் சொலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அந்த வரிசையில் மொத்தம் இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். லேண்ட் குரூஸரோ 2019இல் ஒரு கோடி விற்பனையைத் தாண்டியது. 1984இல் வந்த அதன் 70 வரிசை இன்றும் செய்யப்படுகிறது.

நான் விட்ட பிழை

இவ்வளவும் தெரிந்த நானே பிழை விட்டேன் என்பதுதான் வெட்கம்.

2012இல் ஒரு குட்டை லேண்ட் ரோவர், சீரிஸ் மூன்று, மலிவாக வந்தது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். அவருடைய வண்டியின் ஞாபகம் கண்ணை மறைத்தது. புதுப் பெயின்ட், பளபளக்கும் அலுமினியம். அலுமினியம் கறள் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கீழே இருக்கும் செசி உருக்கு, எஞ்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரும் உருக்கு. குனிந்து பார்க்கவில்லை. விற்றவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கராஜில் ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. செசியின் பின்பகுதியில் தகரம் ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விரலால் குத்தினால் உள்ளே போனது. வாப்பாவின் பழைய பாஸும் அப்போது தொழிலை விட்டிருந்தார். இரண்டு மாதம் என்று சொன்ன வேலை ஒன்பது மாதம் இழுத்தது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கு போனது. வேறு இடத்தில் காசு இல்லாமல் மிளகுக்கு வைத்த பணத்தில் கை வைத்தேன்.

அந்தப் பருவத்தில் மலையிலிருந்து மிளகு கொண்டுவந்தவர்களுக்குக் கையில் காசு கொடுக்க என்னால் முடியவில்லை. "ரெண்டு கிழமை பொறுங்க" என்றேன். இருபது வருடமாக எங்களுக்கே மூடை கொண்டுவந்த மனிதர்கள். அவர்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, கடைக் கடன் இருக்கிறதல்லவா? பக்கத்துக் கடையில் போட்டார்கள். அவர் உடனே எண்ணிக் கொடுத்தார். அடுத்த வருடம் சிலர் திரும்பி வந்தார்கள். பலர் இன்றுவரை வரவில்லை.

வண்டியைப் பிறகு நல்ல விலைக்கு விற்றேன். செலவழித்த காசு ஏறக்குறையத் திரும்பி வந்தது. அதைக் கேட்பவர்கள் எனக்கு நட்டமில்லை என்கிறார்கள். போன வாடிக்கையாளர்களின் கணக்கை அவர்கள் பார்க்கவில்லை. இங்கிலாந்துக் கம்பனிக்கு அவுஸ்திரேலியாவில் நடந்ததுதான் எனக்கு மாத்தளையில் நடந்தது. கொடுக்க முடியாத நாளில் இன்னொருவன் கொடுத்தான்.

வாங்குவோர் கவனத்துக்கு

ஜீப் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதை மோசமான இடங்களில் தொழில் செய்பவருக்கு அதைப் போல் உதவி வேறில்லை. ஆனால் சில விடயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

பெயின்ட்டைப் பார்க்க முன் கீழே படுத்துச் செசியைப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல உருக்கின் சத்தமும் உக்கிய இடத்தின் சத்தமும் வேறுபடும். கியர்பெட்டி, துணைக் கியர்பெட்டி, முன்பின் டிபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஒயிலைப் பாருங்கள். நான்கு சக்கர இழுவையையும் குறைந்த வேகக் கியரையும் மண்பாதையில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பழைய சீரிஸ் வண்டிகளை காய்ந்த தார் வீதியில் நான்கு சக்கர இழுவையில் ஓட்டக்கூடாது, உள்ளே பல்சக்கரங்கள் இறுகித் தேயும். முந்திய சொந்தக்காரர் அப்படி ஓட்டினாரா என்று விசாரியுங்கள். பிரேக் சாமான்களில் மலிவு பார்க்க வேண்டாம். மலையிறக்கத்தில் அந்த மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

டீசல், டயர், காப்புறுதி, கராஜ் செலவு எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி, வாடகை லொறிக்குக் கொடுக்கும் காசுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்துக்கு நான்கு நாள்தான் மலையேற வேண்டும் என்றால் வாடகை வண்டியே இலாபம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்வனவுக் காசை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்கென்று சேர்த்த காசில் வண்டி வாங்குங்கள்.

மகனுக்கு இதையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. வாப்பா கேட்ட மூன்று கேள்விகளை மட்டும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "போய்க் கேட்டுட்டு வா மகன்" என்றேன். மூன்று நாள் கழித்து வந்தான். வண்டியைக் கராஜுக்குக் கொண்டுவந்து காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லையாம். "அப்ப இது வேணாம் வாப்பா. மிளகு முடியட்டும், வேறொண்டு பாப்பம்" என்றான்.

அன்றிரவு கொள்வனவுப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். இந்தப் பருவத்தில் கணக்கு அவன்தான் பார்க்கிறான்.